களேபரம், அமளி, சும்மை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, களேபரம் என்றால் கூச்சல் குழப்பம்தானே? எங்கிருந்து வந்த சொல்?

இன்றைக்கு அதுதான் பொருள். ஆனால் வடமொழியில் களேவரம் என்றால் உடம்பு. தமிழுக்கும் உடல், பிணம் என்ற பொருளோடுதான் வந்தது. 2015-இல் பூரி ஜெகந்நாதர் கோவிலில் ‘நவகளேபரம்’ நடந்தபோது, “அங்கே என்ன கலவரம்?” என்று நண்பர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். கலவரமெல்லாம் இல்லை. பழைய மரத் திருமேனிகளை அகற்றிவிட்டு, வேப்ப மரத்தில் புதிதாகச் செதுக்கி வைக்கும் சடங்கு அது. புது உடம்பு, அவ்வளவுதான். அதற்கு முன் 1996-இல் நடந்தது.

கேள்வி: பிணம் எப்படிக் கூச்சல் ஆனது?

பிணம் விழுந்த இடத்தில் ஓட்டமும் அலறலும் இருக்கும், அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். ரணகளத்தைப் பாருங்கள். போர்க்களம் என்ற சொல்லைத்தான் இன்று வீட்டுச் சண்டைக்கும் சொல்கிறோம்.

கேள்வி: களேபரம், கலவரம் இரண்டும் ஒரே சொல்தானே? ஓசை ஒத்துப்போகிறதே?

ஓசையை வைத்து உறவு கட்டாதீர்கள். பழைய நூல்களில் அமளி என்றால் படுக்கை. அதனால் அமளி துமளி படுக்கையறையில் பிறந்தது என்று சொல்லிவிடலாமா?

கேள்வி: கோலாகலம்?

வடமொழியில் கோலாஹலம் வெறும் கூச்சல். இந்தியிலும் கன்னடத்திலும் இன்னும் அப்படித்தான். தமிழில் அது கொண்டாட்டமாகிவிட்டது. ‘திருமணம் கோலாகலமாக நடந்தது’ என்று எழுதலாம். ‘களேபரமாக நடந்தது’ என்று எழுதினால் இரு வீட்டாரும் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: கலாட்டா எந்த மொழிச் சொல்?

கன்னடம், தெலுங்கு, மலையாளம், தமிழ் நான்கிலும் புழங்குகிறது. மூல உரிமைச் சண்டைக்கு நான் வரவில்லை.

கேள்வி: நல்ல தமிழில் சொல்லே இல்லையா?

இல்லாமலா? தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா: ‘கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள.’ அரவம் என்றால் ஓசை. இரைச்சலுக்கு மட்டும் நான்கு சொற்கள்! இவற்றில் கம்பலை எனக்குப் பிடித்தது. சந்தை இரைச்சலைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ‘சும்மா இரு’ என்பது சும்மையிலிருந்து வந்ததா? சத்தம் போட்டுக்கொண்டே இரு என்று அர்த்தமா?

ஓசை, ஓசை! இப்போதுதானே சொன்னேன்?

கேள்வி: இல்லை ஐயா, சும்மை, சும்மா. ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

கலம், களம் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கலத்தில் சோறு போடுவார்கள், களத்தில் போரடிப்பார்கள்.

கேள்வி: எதிர்ப்பொருளில் திரிந்திருக்கலாமே?

திரியலாம். அதற்கு நடுவில் ஒரு சான்றாவது வேண்டும். ஒரு பாட்டு, ஒரு கல்வெட்டு, ஏதாவது கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம்.

கேள்வி: நான் இப்போதுதான் வந்தேன். களேபரம் என்றால் என்ன?

முதல் பதில். மேலே.