அந்த அரை மணி நேரம் எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: முந்தாநாள் வரை ஓடிய நிரல், பைத்தான் நிரல்மொழியைப் புதுப்பித்ததும் படுத்துவிட்டது. நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். ஜாதகக் கேள்வி கடைசியில் இருக்கிறது. அதில் எனக்குப் பேச நிறைய இருந்தது, அதனால்தான்.

ஆன்ட்டி, சீனியர் ஒருவர் கொடுத்த புராஜெக்ட் கல்லூரிக் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. என் மடிக்கணினியில் பைத்தான் 3.13 போட்டிருக்கிறேன். அதில் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற மாட்யூலே இல்லை என்கிறது. பைத்தானோடு கூடவே வருவதுதானே அது? நான் சரியாக இன்ஸ்டால் செய்யவில்லையா, இல்லை சொல்லாமல் எடுத்துவிட்டார்களா?
– பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்

"அக்கா" என்று போட்டிருந்தால் பதில் இன்னும் நீளமாக இருந்திருக்கும். சரி, போகட்டும்.

உங்கள் இன்ஸ்டாலில் தவறில்லை. டிஸ்ட்யூட்டில்ஸை 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். கல்லூரிக் கணினியில் அதற்கு முந்தைய பதிப்பு இருக்கும். இல்லையென்றால் 'செட்அப்டூல்ஸ்' இருக்கும், அது தனக்குள் டிஸ்ட்யூட்டில்ஸின் நகல் ஒன்றை வைத்திருக்கிறது. அவசரத்துக்கு அதை உங்கள் கணினியிலும் போட்டுப் பாருங்கள். ஆனால் முதலில் நிரலைத் திறந்து, அந்த மாட்யூலிலிருந்து எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்த மாணவர் நிரல்களில் பாதிக்கு மேல் 'ஸ்டர்டூபூல்' என்ற ஒரே ஒரு ஃபங்ஷனுக்காகத்தான் இறக்கியிருப்பார்கள். "யெஸ்", "நோ" என்ற சொல்லை ஒன்று, சுழியம் ஆக்குவதுதான் அதன் வேலை. ஐந்து வரியில் நீங்களே எழுதிவிடலாம். ஐந்து வரிக்காக ஒரு மூட்டையைச் சுமக்க வேண்டாம்.

நீங்கள் வைத்திருப்பது 3.13 என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கருவியும் உள்ளேயே இருக்கும், பேட்டரியோடு வரும் பொம்மை மாதிரி என்பது பைத்தான்காரர்களின் பழைய பெருமை. 2024 அக்டோபரில் 3.13 வந்தபோது அந்தப் பெட்டியைத் திறந்து, 'செத்த பேட்டரி' என்று அவர்களே பெயர் வைத்து 19 மாட்யூல்களை வெளியே போட்டார்கள். இணையம் குழந்தையாக இருந்த காலத்துச் சிஜிஐ, டெல்நெட்லிப், யூஸ்நெட் செய்திக் குழுக்களுக்கான என்என்டிபிலிப், சன் கணினிகளின் ஒலிக்கோப்பைப் படிக்கும் சன்ஏயூ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் கம்பியில் அனுப்பும் டெல்நெட்டுக்காக நான் கண்ணீர் விடவில்லை. எனக்கு வலித்தது 'இம்ஜ்எச்டிஆர்' போனதுதான். சமூக மன்றத்தின் பொங்கல் படங்களை ஆளுக்கொரு வடிவத்தில் அனுப்புவார்கள். எது ஜேபெக், எது பிஎன்ஜி என்று பிரிக்க ஏழெட்டு வருடமாக அதைத்தான் நம்பியிருந்தேன். இப்போது 'பில்லோ' என்ற வெளித் தொகுப்பை இறக்கிக்கொண்டேன், வேலை நடக்கிறது.

"சொல்லாமல் எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னார்கள். டிஸ்ட்யூட்டில்ஸ் போகப்போகிறது என்று 3.10இலிருந்தும், அந்த 19 பற்றி 3.11இலிருந்தும் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கையை நீங்களும் நானும் பார்க்கிற இடத்தில் வைக்கவில்லை என்பதுதான் என் குறை. 3.2இலிருந்து இவ்வகை எச்சரிக்கைகள் தாமாகத் தெரியாது. 3.7இல் கொஞ்சம் மனமிரங்கினார்கள். நீங்கள் நேரடியாக ஓட்டும் கோப்பில் இருந்தால் மட்டும் திரையில் வரும். அந்தக் கோப்பு இறக்கிக்கொள்ளும் மற்றக் கோப்புகளில் இருந்தால் மௌனம்தான். சீனியருடைய நிரல் இருபது கோப்புகளாக இருந்தால் பத்தொன்பது வாய் பேசாது. பைத்தானை அழைக்கும்போது ஒரு சிறு கோடு, பெரிய டபிள்யூ, பக்கத்தில் 'டிஃபால்ட்' என்று சேர்த்து ஓட்டுங்கள். எல்லா வாயும் திறக்கும். புதுப் பதிப்புக்கு மாறுவதற்கு முன் பழைய பதிப்பிலேயே இதைச் செய்ய வேண்டும். மாறிய பிறகு செய்தால் வருவது எச்சரிக்கை இல்லை, எரர்.

எங்கள் சிறு அலுவலகத்தில் இன்னும் பைத்தான் 3.9தான். எல்லாம் ஓடுகிறது. கை வைக்காமல் விடலாமா?
– தெம்பனிஸ் வாசகர்

விடக்கூடாது. ஒரு பதிப்புக்கு ஐந்து வருடம்தான் பராமரிப்பு. 3.9க்கு அது 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் ஒட்டுப்போட ஆள் இல்லை. மாறும்போது 'கலெக்ஷன்ஸ்' மாட்யூலிலிருந்து 'மேப்பிங்', 'இட்டரபிள்' போன்றவற்றை நேராக எடுக்கும் வரிகளைத் தேடுங்கள். 3.10இலிருந்து அவை 'கலெக்ஷன்ஸ்' புள்ளி 'ஏபிசி'யில்தான் கிடைக்கும். 3.9இலிருந்து ஏறுகிறவர்கள் முதலில் இடறி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

'யுடிசிநவ்' என்று எழுதினால் எடிட்டர் அதன் மேல் கோடு கிழித்துக் காட்டுகிறது. ஆனால் வேலை செய்கிறது. இதையும் எடுத்துவிடுவார்களா? இன்னொரு விசித்திரம்: அதிலிருந்து எடுத்த நேர எண் (டைம்ஸ்டாம்ப்) சர்வரில் சரியாக இருக்கிறது, என் வீட்டுக் கணினியில் 8 மணி நேரம் பின்னால் இருக்கிறது.
– செங்காங் வாசகி

உங்கள் விசித்திரம்தான் அந்தக் கோட்டுக்குக் காரணம். யுடிசிநவ் தரும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்தான். ஆனால் "நான் யுடிசி" என்ற அடையாள அட்டை அதனிடம் இருக்காது. அதை நேர எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான், அட்டை இல்லாத ஆள் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறது. மதியம் 3 மணிக்கு ஓட்டினால் யுடிசி காலை 7. அதைச் சிங்கப்பூர் காலை 7 என்று எண்ணி எண்ணைத் தருகிறது. போனது எட்டு மணி நேரம். சர்வர் யுடிசியிலேயே ஓடுவதால் அங்கே இந்தக் குழப்பம் வெளியே தெரியவில்லை.

3.12இலிருந்து அதைக் கைவிடச் சொல்கிறார்கள். உடனே போய்விடாது, ஆனாலும் மாற்றிவிடுங்கள். தேதி-நேரத்துக்கான டேட்டைமின் 'நவ்' ஃபங்ஷனுக்குள் 'டைம்ஜோன்' புள்ளி 'யுடிசி' என்று கொடுத்தால் அட்டையோடு வரும். மாற்றும்போது ஒன்றில் கவனம். அட்டை உள்ள நேரத்தையும் இல்லாத நேரத்தையும் எது முந்தியது என்று ஒப்பிடச் சொன்னால் பைத்தான் மறுத்து எரர் காட்டும். தரவுத்தளத்தில் பழைய நேரங்களை அட்டையில்லாமல் சேமித்திருந்தால், வெளியே எடுக்கும் இடத்திலேயே அவற்றுக்கும் யுடிசி அட்டையை மாட்டிவிடுங்கள். ஒரே நாளில் முடித்துவிடுங்கள். பாதி மாற்றி, பாதியை அடுத்த வாரத்துக்கு விடுகிற வேலை இல்லை இது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஞாயிறு வகுப்புக்கு வரும் பெற்றோருக்கு நினைவூட்டல் அனுப்ப ஒரு நிரல் எழுதினேன். காலை 10 மணிக்குப் போக வேண்டிய செய்தி 11:05க்குப் போனது. அடுத்த வாரமும் 11:05. ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் புரிந்துகொள்ளலாம், அது என்ன 65 நிமிடம்? இரண்டு ஞாயிறு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது. அப்போது நேர மண்டலத்துக்கு எல்லோரும் பயன்படுத்தியது 'பைடிஜெட்' என்ற வெளித் தொகுப்பு. அதன் சிங்கப்பூரை நேராக டேட்டைமுக்குள் போடக்கூடாது. போட்டால் அந்த ஊரின் நேர மாற்றப் பட்டியலில் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு முதல் வரி, 1905க்கு முன் சூரியனை வைத்துக் கணக்கிட்ட உள்ளூர் நேரம்: கிரீனிச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னால். 3.7க்கு முன் நொடிக்கணக்கு வித்தியாசத்தை டேட்டைம் ஏற்காது என்பதால் பைடிஜெட் அந்த 25 நொடியை வெட்டிவிடும். எட்டிலிருந்து 6:55 போனால் 65 நிமிடம். பெற்றோருக்கு நான் 1905க்கு முந்தைய நேரத்தில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பைடிஜெட்டின் விளக்கக் குறிப்பில் இது தெளிவாகவே எழுதியிருந்தது, படிக்காதது என் தப்பு.

2020இல் 3.9 பதிப்போடு நேர மண்டலத்துக்கான 'ஜோன்இன்ஃபோ' ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே வந்துவிட்டது. அதை நேராகப் போடலாம், எந்தத் தேதிக்கு எந்த வரி என்று அதுவே பார்த்துக்கொள்ளும். எடுத்ததற்குத் திட்டுகிறோம், கொடுத்ததையும் ஒரு வார்த்தை சொல்லத்தானே வேண்டும்.

பொழுதுபோக்காக ஜாதகம் கணிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். மகளுக்குச் சரியாக வருகிறது. எனக்குத் தவறாக வருகிறது. 1979, சித்திரை 6, காலை 6:30, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தேன். வீட்டு ஜாதக நோட்டில் மேஷ லக்னம். நிரல் மீனம் என்கிறது. நேர வித்தியாசம் +8 என்று சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். அடுத்து 1943இல் இங்கே பிறந்த அப்பாவுக்கும் போட வேண்டும்.
– ஈசூன் வாசகர்

ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, கூட்டல் கழித்தலில் உண்டு. உங்கள் நோட்டு சரி, நிரல் தப்பு.

நிரலைத் தொடாமலேயே சோதிக்கலாம். சித்திரையில் சூரியன் மேஷத்தில் இருப்பார். உதயத்தின்போது கிழக்கில் எழுவது சூரியன் நிற்கும் ராசிதான், ஆகவே சித்திரையில் சூரிய உதயத்துக்கு மேஷ லக்னம். இன்று சிங்கப்பூரில் சித்திரை மாதம் காலை 7 மணியை ஒட்டித்தான் விடிகிறது. 6:30 என்றால் இருட்டு, உதயத்துக்கு அரை மணி முந்தி, மீனத்தின் கடைசிப் பகுதி. உங்கள் நிரல் சொல்வது அதைத்தான். ஆனால் 1979இல் கடிகாரம் 6:30 காட்டியபோதே பொழுது விடிந்துவிட்டது. அன்று நம் நேரம் +8 இல்லை, +7:30.

1982 ஜனவரி முதல் நாள்தான் +8 ஆனது. தீபகற்ப மலேசியா, சாபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர முடிவெடுத்தது. வணிகத்துக்கும் பயணத்துக்கும் தொல்லை வேண்டாமென்று நாமும் கூடவே மாறினோம். 1981 டிசம்பர் 31 இரவு எனக்குப் பத்து வயது. அப்பா ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளை அரை மணி தள்ளினார். "புத்தாண்டு சீக்கிரம் வந்துவிட்டதா?" என்று தம்பி கேட்டான். மகள் பிறந்தது 1982க்குப் பிறகு என்பதால் அவளுக்கு +8 பொருந்திவிட்டது, அதனால்தான் பிழை இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

அப்பாவுடையது இன்னும் சுவையானது. 1905இல் +7, 1933இல் +7:20, 1941இல் +7:30 என்று ஏறிய கடிகாரம், ஜப்பானியர் ஆண்ட 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை தோக்கியோ நேரமான +9க்குப் போனது. காலை 8 மணிக்குத்தான் விடியும். இன்றைய +8ஐப் போட்டால் ஒரு மணி நேரம் தவறும், பழைய +7:30ஐப் போட்டால் ஒன்றரை மணி நேரம். ஒன்றை மட்டும் குடும்பப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்: நேரத்தைக் குறித்தவர் அரசாங்கக் கடிகாரத்தைப் பார்த்தாரா, வீட்டில் மாற்றாமல் வைத்திருந்த பழைய கடிகாரத்தைப் பார்த்தாரா? அதை எந்த லைப்ரரியும் சொல்லாது.

நிரலில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையால் எழுதிய +8ஐ எடுத்துவிட்டு, ஜோன்இன்ஃபோவில் 'ஏஷியா/சிங்கப்பூர்' என்று கொடுங்கள். பிறந்த நேரத்தை யுடிசிக்கு மாற்றி, அதைக் கிரகக் கணக்குப் பகுதிக்கு அனுப்புங்கள். நான் சொன்ன எல்லா வருட மாற்றமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. விண்டோஸில் ஓட்டினால் பட்டியல் கிடைக்கவில்லை என்று எரர் வரலாம். விண்டோஸ் இந்தப் பட்டியலை வைத்திருப்பதில்லை, பைத்தான் தொகுப்புகளை இறக்கும் 'பிப்' மூலம் 'டிஜெட்டேட்டா'வை இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரம் 12க்குத் தாவியது. 11:45 என்று ஒரு நேரம் அன்று சிங்கப்பூரில் இல்லவே இல்லை. அந்த நேரத்தைக் கொடுத்து, யுடிசிக்கு மாற்றி, மறுபடி சிங்கப்பூருக்குக் கொண்டுவாருங்கள். ஜோன்இன்ஃபோ முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு 12:15 என்று திருப்பித் தரும். அதே 11:45 திரும்பி வந்தால் உங்கள் கணினியில் இருப்பது பழைய நேரப்பட்டியல். முன்பெல்லாம் அதில் மாற்றம் நள்ளிரவில் நடந்ததாகப் பதிந்திருந்தார்கள், பிறகுதான் திருத்தினார்கள். பட்டியலைப் புதுப்பித்துவிட்டு அப்பாவின் ஜாதகத்துக்குப் போங்கள்.