ஓவர்டைமும் முடிந்து சமன் என்றால்? என்எஃப்எல் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் பேக்கர்ஸ், கவ்பாய்ஸ் ஆட்டம் 40–40 என்று முடிந்ததிலிருந்து, சமனானால் ஆடும் கூடுதல் நேரமான ஓவர்டைம் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் கண் விழித்துப் பார்த்தேன். யாருக்கும் வெற்றி இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஒருவர் ஜெயிக்கும்வரை ஆடவிட்டால் என்ன?

லீக் சுற்றில் ஓவர்டைம் என்பது ஒரே ஒரு 10 நிமிடப் பகுதி. அது தீர்ந்தும் சமன் என்றால் கைகுலுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 28 அன்று டாலஸ் அருகே ஆர்லிங்டனில் நடந்தது இதுதான். ஓவர்டைமில் கவ்பாய்ஸ் முதலில் ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து 40–37 என்று முந்தினார்கள். பேக்கர்ஸ் மைதானம் முழுக்க நகர்ந்து வந்து, கடிகாரத்தில் ஒரு வினாடி மிச்சமிருக்கும்போது ஃபீல்ட் கோலுக்கு உதைத்துச் சமன் செய்தார்கள்.

2016 வரை 15 நிமிடம் இருந்தது. 2017-இல் 10 ஆகக் குறைத்தார்கள். காரணம் வீரர்களின் உடம்பு. ஞாயிறு ஓவர்டைம் ஆடிய அணி வியாழக்கிழமையே மறுபடி இறங்க வேண்டியிருக்கலாம். எலும்பு நொறுங்க மோதுகிற ஆட்டத்தில் கூடுதலாக ஆடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. எப்போதோ வருகிற சமன் அதைவிட மலிவு என்பது என் கட்சி.

டாஸ் ஜெயித்தவனுக்கே ஆட்டம் என்று என் ரூம்மேட் சொல்கிறான். இன்னுமா அப்படி?

அவர் சொல்வது பழைய கதை, ஆனால் பொய்க்கதை இல்லை. 1974-இல் லீக் சுற்றுக்கு ஓவர்டைம் வந்தபோது முதல் புள்ளி எடுத்தவருக்கே வெற்றி. உதைப்பவர்கள் தேறத் தேற, பந்தை முதலில் வாங்கி, பாதி மைதானம் தாண்டி, ஒரு ஃபீல்ட் கோல் அடித்தால் போதும் என்றாகிவிட்டது. 2010 ஜனவரியில் செயின்ட்ஸ் அப்படித்தான் 31–28 என்று வைக்கிங்ஸை முடித்து சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். ஓவர்டைமில் வைக்கிங்ஸ் தாக்குதல் அணி பந்தைத் தொடவே இல்லை.

அதன்பின் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப்புக்கும், 2012-இல் லீக் சுற்றுக்கும் விதி மாறியது. பந்தை வைத்து ஆடும் முதல் வாய்ப்பில் ஃபீல்ட் கோல் அடித்தால் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் டச்டவுன் (ஆறு புள்ளி) போட்டால் மட்டும் ஆட்டம் அங்கேயே முடியும். அந்த ‘மட்டும்’ இருக்கிறதே, அதுதான் வினை. 2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் 28–3 என்று முன்னிலையில் இருந்த ஃபால்கன்ஸ் அதை இழந்து, ஓவர்டைமில் பந்தே கிடைக்காமல் பேட்ரியாட்ஸிடம் 34–28 என்று தோற்றார்கள். 2022 ஜனவரி பிளேஆஃப்பில் சீஃப்ஸிடம் பில்ஸுக்கும் அதே கதி. கடைசி இரண்டு நிமிடத்தில் இரு அணிகளும் சேர்ந்து 25 புள்ளி எடுத்த ஆட்டம் அது. அன்று யாராலும் நிறுத்த முடியாமல் இருந்த பில்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஆலன், டாஸில் தோற்றதால் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். ஆட்டம் சீஃப்ஸுக்கு, 42–36. அந்த வருடமே பிளேஆஃப்பில் இரு அணிக்கும் தலா ஒரு வாய்ப்பு கட்டாயமானது. 2025 முதல் லீக் சுற்றிலும் அதே விதி.

அப்படியென்றால் இப்போது டாஸ் ஜெயித்தால் எதை எடுப்பது, அண்ணா?

நானாக இருந்தால் இரண்டாவதாக ஆடுவேன். எதிராளி என்ன எடுத்தான் என்று தெரிந்தபின் ஆடுவது பெரிய வசதி. மூன்று புள்ளி போதுமா, டச்டவுன்தான் வேண்டுமா, பத்து யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசியிலும் துணிய வேண்டுமா என்பதில் ஊகத்துக்கே இடமில்லை.

2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஃபார்ட்டிநைனர்ஸ் டாஸ் ஜெயித்துப் பந்தை முதலில் வாங்கினார்கள். இரு அணியும் ஒரு முறை ஆடி மறுபடி சமன் என்றால் மூன்றாவது வாய்ப்பு தமக்கு வரும், அப்போது எந்தப் புள்ளியும் வெற்றிதான் என்பது பயிற்சியாளர் கைல் ஷனஹானின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபீல்ட் கோலோடு அவர்கள் நிற்க, சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் டச்டவுன் போட்டு 25–22 என்று முடித்தார். மூன்றாவது வாய்ப்பு வரவே இல்லை. புது விதியே தெரியாது என்று சில ஃபார்ட்டிநைனர்ஸ் வீரர்கள் பிறகு சொன்னது தனிக் கூத்து.

லீக் சுற்றில் 10 நிமிடம்தான் என்பதால் முதலில் ஆடுபவர் கடிகாரத்தையும் கரைக்கலாம். அங்கே முடிவு அவ்வளவு சுலபமில்லை.

முதல் அணி ஆடும்போதே தற்காப்பு அணி பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டால்?

ஆட்டம் முடிந்தது. சேஃப்டி (எதிரணியை அதன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கி எடுக்கும் இரண்டு புள்ளி) எடுத்தாலும் அப்படியே.

புள்ளிப்பட்டியலில் சமனை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள்?

1972 முதல் அரை வெற்றி, அரைத் தோல்வி. அதற்கு முன் சமனான ஆட்டத்தை நடக்காத மாதிரியே விட்டுவிடுவார்கள். அதன் விபரீதத்தை 1932-இல் பாருங்கள். பேக்கர்ஸ் 10 வெற்றி, 3 தோல்வி, 1 சமன். பேர்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 6 சமன். சமன்களைக் கழித்தால் பேர்ஸ் 7-க்கு 6, அதாவது .857, பேக்கர்ஸ் 13-க்கு 10, வெறும்.769. நான்கு ஆட்டம் கூடுதலாக ஜெயித்த அணி வெளியே! பேர்ஸும், அதே விகிதத்தில் நின்ற போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸும் கூரை போட்ட சிகாகோ ஸ்டேடியத்துக்குள் மோத, பேர்ஸ் 9–0 என்று பட்டம் வென்றார்கள். இன்றைய கணக்கில் பேக்கர்ஸ் .750, பேர்ஸ் .692.

இரு அணிகளும் பேசிவைத்துச் சமன் ஆட முடியாதா?

கிட்டத்தட்ட நடந்திருக்கும். 2022 ஜனவரி 9, லீக் சுற்றின் கடைசி ஆட்டம். ரெய்டர்ஸும் சார்ஜர்ஸும் சமன் செய்தால் இருவரும் பிளேஆஃப்புக்குள், ஸ்டீலர்ஸ் வெளியே. ஓவர்டைமில் 32–32. ரெய்டர்ஸ் நிதானமாகக் கடிகாரத்தை ஓடவிட்டுக்கொண்டிருக்க, 38 வினாடி இருக்கும்போது சார்ஜர்ஸ் டைம்-அவுட் கேட்டார்கள். அதுதான் ரெய்டர்ஸைச் சீண்டியது என்று இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கடைசி உதையில் ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 யார்டு ஃபீல்ட் கோல் அடித்தார். சார்ஜர்ஸ் வீட்டுக்கு, ஸ்டீலர்ஸ் பிளேஆஃப்புக்கு.

கிரிக்கெட் சூப்பர் ஓவர் மாதிரி ஒன்று வைத்துவிடலாமே?

கல்லூரி ஆட்டத்தில் அப்படித்தான். இரு அணிகளும் மாறி மாறி எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். 2018-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்எஸ்யு ஆட்டம் ஏழு ஓவர்டைம் போய் 74–72 என்று முடிந்தது. பார்க்க அமர்க்களம், உடம்புக்கு அவ்வளவு நல்லதில்லை. இப்போது மூன்றாவது ஓவர்டைமிலிருந்து கோல் கோட்டருகிலிருந்து ஒரே நகர்வில் இரண்டு புள்ளி எடுக்கும் முயற்சி மட்டும்தான்.

பிளேஆஃப்பிலும் சமன் உண்டா?

கிடையாது. யாராவது ஜெயிக்கும்வரை 15 நிமிடப் பகுதிகள் தொடரும். 1971 கிறிஸ்துமஸ் அன்று டால்பின்ஸ், சீஃப்ஸ் ஆட்டம் 82 நிமிடம் 40 வினாடி ஆட்ட நேரம் நீண்டு, 27–24 என டால்பின்ஸ் ஜெயித்தார்கள். இதுவரை அதுதான் மிக நீளமானது.

வீரர்களுக்கே விதி தெரியாது என்பதை நம்ப முடியவில்லை.

2008-இல் ஈகிள்ஸ், பெங்கால்ஸ் 13–13 முடிந்ததும், சமனாக முடியலாம் என்பதே தனக்குத் தெரியாது என்றார் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் டானவன் மெக்நாப். அதற்கும் மூத்த கதை, அன்று என்எஃப்எல்லுக்குப் போட்டி லீக்காக இருந்த ஏஎஃப்எல்லின் 1962 இறுதி ஆட்டம். டாலஸ் டெக்ஸன்ஸுக்கு வேண்டியது காற்று வீசும் பக்கம். ஓவர்டைம் டாஸ் ஜெயித்த அவர்களின் கேப்டன் ஏப்னர் ஹெய்ன்ஸ், உதைக்கிறோம் (அதாவது பந்து எதிரணிக்கு) என்று முதலில் சொல்லிவிட்டார். அதோடு தேர்வு முடிந்தது. பக்கத்தை ஹூஸ்டன் ஆயிலர்ஸ் எடுத்துக்கொண்டார்கள். பந்தும் போச்சு, காற்றும் போச்சு. ஆனாலும் இரண்டாவது ஓவர்டைமில் டெக்ஸன்ஸ்தான் 20–17 என்று ஜெயித்தார்கள்.