வாசகர் கேள்வி – பதில்: மலையை வரைந்து பார்க்கலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரியில் குடியேறியிருக்கிறேன். காலை நடையின்போது காணும் மரங்களை வரைய ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் ஓவியம் கற்றதில்லை. கைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று மகன் கேட்கிறான். இந்த வயதில் தொடங்கினால் பயன் உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள் அம்மா. உங்கள் மகன் சொல்வதிலும் தவறில்லை. பூத்திருக்கும் மரத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கைபேசிப் படம் உதவும். ஆனால் வரைய உட்காருகிறவர், இலை தண்டில் எங்கே சேர்கிறது, எதிரெதிராக நிற்கிறதா, மாறி மாறி நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு கோடுகூட இழுக்க முடியாது. அந்தக் கட்டாயத்துக்காகவே நான் வரைவதை விடாமல் இருக்கிறேன்.

சாலையோரக் கற்பூர மரத்திலிருந்தே (யூகலிப்டஸ்) ஆரம்பியுங்கள். வெட்டிய அடிமரத்தில் துளிர்க்கும் இளங்கிளையின் இலைகள் அகலமாக, நீலம் கலந்த சாம்பல் பூத்து, காம்பே இல்லாமல் தண்டைத் தழுவியபடி எதிரெதிராக நிற்கும். முதிர்ந்த கிளையிலோ அரிவாள்போல் வளைந்த நீண்ட இலைகள் காம்போடு தொங்கும். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரைந்து காட்டினால், பார்ப்பவர்கள் இரண்டு வெவ்வேறு மரங்கள் என்றே சொல்வார்கள்.

வண்ணம் தீட்டும்போது இன்னும் அதிகம் புலப்படும். தொலைவில் ஒரே பச்சையாகத் தெரியும் சரிவில், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட கற்பூர மரத்துக்கு நீலமும் சாம்பலும் கலக்க வேண்டும். தேயிலைக் கொழுந்துக்கு மஞ்சள் கூடுதலாக வேண்டும். மலைமடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த சோலைக்காட்டில் நாவல் இன மரங்கள் துளிர்க்கும் பருவத்தில் சிவப்பைத் தொடாமல் படம் முடியாது. எது காலங்காலமாக நிற்கும் காடு, எது நட்டு வளர்த்த தோப்பு என்பது இப்படித்தான் கண்ணுக்குப் பழகும். சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும் மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளுக்கு விடுவதால்தான் கோடையிலும் நமக்குத் தண்ணீர் கிடைக்கிறது. ஆகவே இந்த வேறுபாட்டை அறிவது நீலகிரியில் வாழும் ஒவ்வொருவருக்கும் அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் நமக்கு முன்னோடிகளும் உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படநூலுக்கு ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். செடியின் தோற்றத்தோடு நிறுத்தாமல், மலரைப் பிரித்து அதன் உறுப்புகளையும் தனித்தனியே தீட்டினார்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கே) வைட் சூட்டினார். அந்த நுட்பம் நமக்கு வாய்க்க வேண்டியதில்லை. அவர்களைப்போல் பொறுமையாகப் பார்த்தாலே போதும்.

ஒரு பென்சிலும் கெட்டித் தாள் நோட்டும் போதுமானவை. மூடுபனி இறங்கிய நாளில் நீர்வண்ணம் எளிதில் உலராது. அவசரப்பட்டு அடுத்த பூச்சைப் போட்டால் நிறங்கள் கலங்கிவிடும். அன்றைக்குப் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளை வரைய அழைத்துப் போக ஏற்ற இடம் எது?
– ஒரு வாசகர், உதகை

பதில்: உங்கள் ஊர் அரசு தாவரவியல் பூங்காவும் குன்னூர் சிம்ஸ் பூங்காவும் பொருத்தமானவை. காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. இம்மலையின் பழங்குடியினரான ஆலு குறும்பர் ஓவியர்கள் வேங்கைப் பிசின், இலைச்சாறு, மண் ஆகியவற்றிலிருந்து நிறம் எடுத்துத் தீட்டுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, வீட்டுத் தோட்டத்து மண்ணையும் உதிர்ந்த இலையையும் குழைத்துப் பார்க்க விடுங்கள். பூவைப் பறித்து வந்து வரைய வேண்டாம்; செடி நிற்கும் இடத்திலேயே உட்காரட்டும். தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால், வெளிச்சம் குறைவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.