ஹோட்டல் வேலையில் போர்த் தந்திரம் எடுபடுமா?

கேள்வி: கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடமாக ஃப்ரண்ட் ஆபீஸ் பார்க்கிறேன். மேனேஜர் இடம் காலியானபோது, என்னிடம் வேலை பழகிய பையனுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். "ராத்திரி ஷிப்டுக்கு ஆம்பளைதான் சரிப்படும்" என்றார் முதலாளி. பயிற்சி கொடுக்க வந்த ஒருவர், "ஆபீஸும் போர்க்களம்தான், சீனாக்காரர் சுன் சூவின் போர்க்கலையைப் படியுங்கள்" என்கிறார். எனக்குச் சண்டை போட வராது. அது எனக்கு உதவுமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: உதவும், ஆனால் அவர் சொன்ன அர்த்தத்தில் இல்லை. சுன் சூவின் பெயரில் வழங்கும் அந்த 13 அத்தியாயங்களும் அடிதடிக்கு ஆள் சேர்ப்பவை அல்ல. சண்டை போடாமலே எதிரியைப் பணிய வைப்பவன்தான் பெரிய தளபதி, போர் இழுத்துக்கொண்டே போனால் நாட்டுக்குக் கேடு என்றுதான் அதில் இருக்கிறது. அதனால் சண்டை வராது என்பதைக் குறையாக நினைக்காதீர்கள்.

அதற்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவர் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதலாவதில் முதல் குறள்: "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்." வேலையின் பலம், தன் பலம், எதிரியின் பலம், துணை நிற்பவர்களின் பலம் நான்கையும் எடைபோட்டுச் செய் என்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான், ஆனாலும் உங்கள் கதைக்கு அப்படியே பொருந்துகிறது.

இதில் மாற்றான் யார்? அந்தப் பையன் இல்லை. அவனைப் போட்டியாக வைத்துக்கொண்டால் உங்கள் சக்தியெல்லாம் அவன் தப்பைப் பார்ப்பதிலேயே போய்விடும். முடிவெடுத்தது முதலாளி, எடுக்க வைத்தது அந்த ராத்திரி ஷிப்ட் காரணம். அந்தக் காரணத்தோடு மோதுங்கள். "இப்போதும் பல நாள் ராத்திரி நான்தானே இருக்கிறேன்? வீட்டுக்கு வண்டி ஏற்பாடு செய்தால் மாதம் எவ்வளவு ஆகும்?" என்று நேராகக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். ராத்திரியில் நீங்கள் இருந்ததே இல்லை என்றால் இரண்டு வாரம் இருந்து காட்டிவிட்டுக் கேளுங்கள்.

நிஜப் படையிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. ஆண் சிப்பாய்கள் பெண் அதிகாரியின் உத்தரவுக்குப் பழகவில்லை என்றுதான் ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணி தரத் தயங்கினார்கள். 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பெண்கள் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 2020 பிப்ரவரி ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்பில் பெண் அதிகாரிகள் அதுவரை செய்து காட்டிய வேலைகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

உங்களிடம் அப்படி எழுதி வைத்த கணக்கு இருக்கிறதா? மே மாதம், ஊரே ஃபுல், ஓவர் புக்கிங் ஆகி இரண்டு குடும்பம் கைக்குழந்தையோடு ராத்திரி பதினோரு மணிக்கு கவுண்டரில் நிற்கிறது. பக்கத்து ஹோட்டலுக்குப் போன் போட்டு ரூம் பிடித்து, டீ கொடுத்து, காலையில் அவர்கள் சிரித்துக்கொண்டே போகிற மாதிரி செய்தது நீங்கள். காலை ரிப்போர்ட்டில் அது யார் பெயரில் போகிறது? இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, என்ன சிக்கல், எப்படித் தீர்த்தீர்கள், ஹோட்டலுக்கு எவ்வளவு மிச்சம், இவ்வளவு போதும். மாதம் ஒரு முறை அதை உங்கள் பெயரிலேயே முதலாளிக்கு அனுப்புங்கள். பெண்கள் நிறைய பேர் இதைத் தற்பெருமை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

அப்புறம் துணைவலி. பழனி மலையின் அடிவாரத்தில் விருப்பாச்சி இருக்கிறதே, 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த வேலுநாச்சியார் மகளோடு அங்கேதான் வந்தார். கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். சுமார் எட்டு வருடம். ஒளிந்திருந்தார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அத்தனை வருடமும் அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். மருது சகோதரர்கள் உடனிருந்தார்கள், ஹைதர் அலியிடம் படை கேட்டு சிவகங்கை அமைச்சர் தாண்டவராய பிள்ளை கடிதம் எழுதியது அந்த 1772-லேயே. 1780-இல் சிவகங்கை திரும்பக் கிடைத்தது. கேட்டவுடன் எதுவும் வரவில்லை, அவர் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் பெயரைச் சொல்லி ரூம் கேட்கிற டிராவல் ஏஜென்ட்டுகள், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கணக்குப் பார்க்கிறவர். முதலாளி காதில் உங்களைப் பற்றி இவர்கள் சொல்கிற ஒரு வார்த்தை, நீங்களே சொல்கிற பத்து வார்த்தைக்குச் சமம். வேறு ஹோட்டலில் இதே வேலைக்கு என்ன சம்பளம் என்றும் விசாரித்து வையுங்கள். அதுவும் ஒரு பலம்தான்.

எப்போது கேட்பது? மழையும் பனியுமாக ரூமெல்லாம் காலியாகக் கிடக்கிற ஜூலையில் போனால் "பார்க்கலாம்மா" என்பதுதான் பதிலாக வரும். பிப்ரவரியில் போங்கள். கோடை சீசனுக்கு ரேட் போட்டு, தற்காலிகமாக ஆள் தேடிக்கொண்டிருக்கிற நேரம், நீங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். மிரட்ட வேண்டாம். சம்பளம், பதவி, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அப்போதும் நழுவினால் வேறு இடம் பாருங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கேள்வி: காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மேலதிகாரி ராத்திரியில் அசிங்கமாக வாட்ஸ்அப் அனுப்புகிறார். "கொக்கு மாதிரி காத்திரு, காலம் வரும்" என்கிறார் அம்மா. காத்திருக்கவா?
– வாசகி, தாண்டிக்குடி

பதில்: வேண்டாம். கொக்கு ஒடுங்கியிருப்பது தனக்கு இரை வரும் என்று, இங்கே காத்திருந்தால் லாபம் அவருக்குத்தான். சம்பளம், பதவிக்குத்தான் தந்திரம், இதற்குச் சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம், திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். கடைசிச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். விசாரணை முடியும்வரை அவரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும், லீவு கேட்டும் மனு கொடுக்கலாம். மெசேஜ் ஒன்றையும் அழிக்காதீர்கள், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். அம்மாவிடமும் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள், புகார் கொடுக்கப் போகும்போது அவர் கூட வரட்டும்.