கட்டில் போட்ட ராபி

கேள்வி: நாஜிக்களிடமிருந்து யூதக் குழந்தைகளை மீட்டவர் என்றால் நிக்கோலஸ் வின்டனைத்தான் சொல்கிறார்கள். யூத மதகுருக்கள் யாரும் களத்தில் இறங்கவில்லையா?

பதில்: இறங்கினார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் லண்டனைச் சேர்ந்த ராபி, அதாவது யூத மதகுரு, சாலமன் ஷோன்ஃபெல்ட். 1938 நவம்பரில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத ஜெப ஆலயங்களைக் கொளுத்தினார்களே, அப்போது அவருக்கு வயது 26. அப்பா காலமாகிவிட, சபைப் பொறுப்பும் அப்பா தொடங்கிய பள்ளிக்கூடமும் ஏற்கெனவே அவர் தலையில்.

வியன்னாவிலிருந்து உதவி கேட்டுச் செய்தி வந்ததும் நேரில் கிளம்பிப் போனார். டிசம்பரிலேயே சுமார் 300 குழந்தைகள் இங்கிலாந்து வர வழி செய்துவிட்டார். இத்தனை பேரை எங்கே படுக்கவைப்பது? பள்ளிக் கட்டடங்களைக் காலி செய்து கட்டில் போட்டார். அதுவும் போதவில்லை. தன் வீட்டையே பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கூரைக்கடியில் இருந்த சின்ன அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். எத்தனை பிரசங்கம் செய்தாலும் இதற்கு ஈடாகாது என்பேன்.

1939-ல் போர் மூண்டதும் பள்ளி பெட்ஃபோர்ட்ஷரில் உள்ள ஷெஃபோர்டுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே அவர்களைத் தங்கவைத்த கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆசையாகப் பரிமாறியதைப் பிள்ளைகள் தொடவில்லை. அது கோஷர் உணவு, அதாவது யூத மத விதிப்படியான உணவு, அல்ல. விளக்கேற்றுவதையும் மதம் விலக்கிய ஓய்வுநாளில், விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மறுத்தார்கள். வீட்டுக்காரர்கள் முதலில் திகைத்தாலும், விஷயம் புரிந்ததும் அனுசரித்துப் போனார்கள். அந்த ஊர்க்காரர்களையும் சேர்த்தே வணங்கத் தோன்றுகிறது.

கேள்வி: மற்ற யூதத் தலைவர்கள் அவருக்குத் துணை நின்றார்களா?

பதில்: பிரிட்டனின் தலைமை ராபி ஹெர்ட்ஸ் நின்றார். எல்லோரும் அப்படி இல்லை. யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறார், ஆசாரமான குடும்பத்துப் பிள்ளைகளையே முதலில் பார்க்கிறார் என்று குறை சொன்னார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கமிட்டி கூடும்வரை அந்தக் குழந்தைகளால் காத்திருக்க முடியாதே!

1943-ல் யூதர்களுக்குத் தற்காலிக அடைக்கலம் கோரும் தீர்மானத்துக்கு 277 பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையெழுத்தைத் திரட்டினார். அடைக்கலம் தரும் இடமாகப் பாலஸ்தீனத்தைக் குறிப்பிடவில்லை என்று யூத அமைப்புகளுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து, முயற்சி படுத்துவிட்டது. இதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் ஓயவில்லை. போர் முடிந்ததும், ராணுவ உடை மாதிரி ஒன்றைத் தானே வடிவமைத்துப் போட்டுக்கொண்டு போலந்துக்குப் போனார். அதிகாரிகளிடம் காரியம் ஆக அந்த உடை உதவியது. கிறிஸ்தவ மடங்களிலும் பிறர் வீடுகளிலும் ஒளிந்து பிழைத்திருந்த அனாதைக் குழந்தைகளைத் தேடிப் பிடித்து, 1946-ல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார்.