ஏஇகே, பாவோக் இரண்டும் ஒன்றா?
கால்பந்துக்குப் பெயர்போன கிரேக்க நாட்டு கிளப்களான இவை இரண்டின் சின்னத்திலும் இரட்டைத் தலைக் கழுகு இருப்பதால் ஏஇகேவின் கிளைதான் பாவோக்கோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, தனித்தனி கிளப்கள். முன்னது ஏதென்ஸில் 1924இல், பின்னது தெசலோனிகியில் 1926இல் தொடங்கியது. ஆனால் வேர் ஒன்று. இரண்டின் பெயரிலும் கடைசி எழுத்தான 'கே' கான்ஸ்டான்டினோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைக் குறிக்கிறது. 1922இல் முடிந்த கிரேக்க-துருக்கிப் போருக்குப் பின் அங்கிருந்து அகதிகளாக வந்த கிரேக்கர்கள் தொடங்கியவை. கழுகு, அந்நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த பைசாந்தியப் பேரரசின் நினைவு.

சின்னத்தை உற்றுப் பாருங்கள்: ஏஇகேவின் கழுகு சிறகை விரித்திருக்கும், பாவோக்கின் கழுகு மடக்கியிருக்கும். அது துக்கத்தின் அடையாளமாம். எனக்கு இந்த மடங்கிய சிறகுதான் மனதில் நிற்கிறது.

அப்புறம், இவை வெறும் கால்பந்து கிளப்கள் அல்ல. 1968இல் ஏஇகே ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றதே கூடைப்பந்தில்தான். ஏதென்ஸின் பளிங்கு ஸ்டேடியத்தில், செக்கோஸ்லோவாக்கிய அணியான ஸ்லாவியா பிராகாவை 89-82 என வீழ்த்தி.