உறவுகள் நன்றாக இருந்தால் உடம்பும் மனசும் நன்றாக இருக்கும் என்கிறார்களே, அதற்கு அன்றாடம் என்ன செய்வது?

வீட்டில் ஒருவர் நல்ல சேதி சொல்கிறார். அடுத்த ஒரு நிமிடம் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அங்கிருந்து தொடங்குங்கள்.

உறவுக்கும் உடம்புக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். 2010-இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டின் குழு 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் "உறவை வலுவாக்கு" என்று சொன்னால் கையில் எதைப் பிடிப்பது? எனக்குத் தெரிந்து, பிடித்துக்கொள்ளத் தோதான இடம் இந்த நல்ல சேதிதான்.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல சேதி கேட்டவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை நான்காகப் பிரித்தார். மனைவி வேலையிலிருந்து வந்து, "எனக்கு டீம் லீடர் பொறுப்பு கொடுத்திருக்காங்க" என்கிறார் என்று வையுங்கள்.

"அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு போனுக்குத் திரும்புவது முதல் வகை. "இனிமே லேட்டாத்தான் வருவே, பிள்ளைங்க படிப்பை யாரு பாக்குறது?" இரண்டாவது. "சரி, கேஸ் புக் பண்ணியாச்சா?" மூன்றாவது. நான்காவது வகை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் பார்த்து, "அட! யாரு கூப்பிட்டுச் சொன்னா? கேட்டதும் உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது.

உறவில் நெருக்கமும் திருப்தியும் இந்த நான்காவதோடுதான் சேர்ந்து வந்தன. "அப்படியா, சந்தோஷம்" கெட்ட வார்த்தை இல்லையே என்று தோன்றும். ஆனால் அதுவும் இரண்டாவது, மூன்றாவது வகைகளின் பக்கமே நின்றது. 2006-இல் காதல் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வில், துணையின் கஷ்டத்துக்குக் காட்டிய ஆதரவைவிட, நல்ல சேதியை எதிர்கொண்ட விதமே இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய உறவு எப்படி இருந்தது என்பதோடு அதிகம் பொருந்தியது.

செய்யும் முறை சின்னதுதான். கையில் இருப்பதை முதலில் கீழே வையுங்கள். நடந்ததைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். அவர் மறுபடி சொல்லச் சொல்ல, அந்தத் தருணத்தை இன்னொரு தரம் வாழ்கிறார். பிறகு அவருடைய உழைப்பை எடுத்துச் சொல்லுங்கள்: "மூணு மாசமா ராத்திரி உட்கார்ந்து செஞ்சியே, அதுக்குத்தான் இது." மறுநாள் நீங்களாகவே அந்தப் பேச்சை எடுங்கள்.

கெடுவது பெரும்பாலும் நல்ல எண்ணத்தால்தான். "நீ கில்லாடி!" என்று பாராட்டி முடித்தால் பேச்சும் அங்கேயே முடிந்துவிடும், கேள்விதான் அதை வளர்க்கும். "எனக்கும் அந்த வருஷம் இப்படித்தான்..." என்றால் சேதி உங்களுடையதாகிவிடும். நம் வீடுகளில் "கண்ணு பட்டுடும்", "தலைக்கனம் வந்துடும்" என்று பிள்ளைகளின் சந்தோஷத்தை அமுக்குகிறோம். நாளடைவில் பிள்ளை சேதி சொல்வதையே நிறுத்திவிடும். நிஜமான கவலை இருந்தால் அதை மறைக்க வேண்டாம், மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள். குரலை உயர்த்தி நடிக்கவும் வேண்டாம். அமைதியான சுபாவக்காரர் அமைதியாகவே கேட்கலாம், கவனம் தெரிந்தால் போதும்.

இதையெல்லாம் எண்ணிக் கணக்கு வைக்க வேண்டாம். ஒரு கெட்ட உணர்வுக்கு மூன்று நல்ல உணர்வு வேண்டும் என்று எங்காவது படித்திருந்தால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். 2005-இல் உளவியலாளர் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியால் லோசாடாவும் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. அதன் கணிதம் தவறு என்று 2013-இல் வேறு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நல்ல உணர்வுகள் மனதின் பார்வையை விரிக்கின்றன, நாளைக்கு உதவும் பலங்களைச் சேர்க்கின்றன என்று ஃபிரெட்ரிக்சன் 1998-இல் முன்வைத்த கருத்து வேறு; அது அந்தக் கணக்கை நம்பி நிற்கவில்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான். வாட்ஸ்அப்பில் தங்கை "பாஸாயிட்டேன்" என்று போட்டால், கட்டைவிரல் படம் முதல் வகையில் சேரும். பஸ்ஸில் இருந்தால், "வீட்டுக்குப் போய்க் கூப்பிடுறேன், முழுசா சொல்லணும்" என்று எழுதிவிட்டு, அன்று ராத்திரியே கூப்பிடுங்கள்.